கதவு திறந்தால் எழுந்து நிற்பவர்

கதவு கிரீச்சிடும்போதே கந்தப்பன் நாற்காலியை விட்டுக் கிளம்பிவிடுவார். முழுதாக நிமிர்ந்து நின்று, வேட்டியை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்பார். வந்தவர் யார் என்பதெல்லாம் அப்புறம். தண்ணீர் கேன் போடுகிறவர், மின்விசிறி துடைக்க வந்தவர், கண் பிரிவு என்று நினைத்துத் தவறி நுழைந்தவர் எல்லோருக்கும் அதே மரியாதைதான். வந்தவர் "இருக்கட்டுங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.

இது அவருடைய வீடு அல்ல. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி கூடம். விழுந்து எலும்பு முறிந்த முதியவர்களும், கை கால் விழுந்தவர்களும் வெளிநோயாளிகளாக வந்து, மறுபடி தாமாக எழவும் நடக்கவும் குளிக்கவும் பழகும் இடம். நான் இங்கே பராமரிப்பு உதவியாளர். பிடிக்க வேண்டியவர்களைப் பிடிப்பதும், பிடியை விட வேண்டிய நேரத்தில் விடுவதும் என் வேலை.

கந்தப்பனுக்கு வயது எழுபத்தெட்டு. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தவர். மனைவி காலமாகிவிட்டார். தனியாக இருந்தவர், மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடப்போய் அதன் மேலேயே சாய்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை நன்றாக முடிந்தது. நாங்கள் கொடுத்த வாக்கரைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒரு காலு ரெண்டு நூலு கூட இருக்குதுங்க" என்றார். பட்டறைக் கணக்கில் கால் அங்குலம். இல்லை என்று சொன்னோம். மறுநாள் வீட்டிலிருந்து அரம் கொண்டுவந்து, நாங்கள் பார்க்காதபோது ஒரு காலின் ரப்பரை ராவிவிட்டார். அதுவரை ஆடாத வாக்கர் அன்றிலிருந்து ஆடியது. "பாத்தீங்களா, நாஞ் சொல்லல?" என்றார்.

அவரிடமிருந்து எந்தத் தகவலையும் பெற முடியாது. எங்கள் பிசியோதெரபிஸ்ட் யாஸ்மின் கோட்டைமேட்டுப் பெண், பொறுமைசாலி. "ஐயா, வலி பத்துக்கு எத்தனைங்க?" என்று கேட்பாள். "உங்களுக்குத் தோதா ஒண்ணு போட்டுக்குங்க அம்மணி" என்பார். பயிற்சி எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். முக்கியமான பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது. அது வராதவரைத் தனியாக விட முடியாது.

"சும்மா எதுக்குங்க எந்திரிக்கோணும்? யாரு வந்துபோட்டாங்க?" என்று அவர் கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் தண்ணீர் கேன்காரர் உள்ளே வந்தார். கந்தப்பன் கையை ஊன்றாமல், முனகாமல், நேராக எழுந்து "வாங்க, வாங்க" என்றார். யாஸ்மின் என்னைப் பார்த்தாள். நான் அவருடைய நாற்காலியைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்காவிட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு இருக்காது. இதை மருந்தாக்க முடியும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நோயாளிகளோடு வந்த உறவினர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி உள்ளே வரச் சொன்னேன். கேன்காரர் காலி கேனுடன் திரும்பத் திரும்ப வந்தார். "ஏனுங்க, என்னத்தையாச்சும் மறந்துபோட்டுப் போயிட்டீங்களா?" என்று கந்தப்பன் அக்கறையாக விசாரித்தார். தொடை தேறியது. சந்தேகம் வரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. தோள்பட்டைக்கு வரும் உடுமலைப்பேட்டை வள்ளியாத்தாள் நுழைந்தபோது, கந்தப்பன் இடுப்பில் ஒத்தடப் பையைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். எழ முடியவில்லை. "கேன் போடறவனுக்கு எந்திரிப்பாராமா, எனக்கு முதுகக் காட்டிட்டுப் படுத்துக்குவாராமா" என்று அந்த அம்மாள் அன்று முழுவதும் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மறுநாள் கந்தப்பன் அவருக்காக எழுந்து நின்று, அவர் உட்காரும் வரை உட்காராமல் சமாதானம் செய்தார். இரண்டு பேருக்கும் நல்ல பயிற்சி.

இதற்கிடையே மகன் அருள்குமார் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். மோசமான பிள்ளை இல்லை. அடுக்குமாடி வீட்டில் அப்பாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து, கழிப்பறையில் கைப்பிடிகூடப் பொருத்திவிட்டார். வெள்ளிக்கிழமை அழைத்துப் போவதாகச் சொன்னார்.

கந்தப்பன் அவரிடம் "ஆகட்டுங்க கண்ணு" என்றார். என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார். "அங்க மணி அடிச்சா கதவு ஓட்டை வழியாப் பாத்துப்போட்டு, சத்தங் காட்டாம உள்ளயே நின்னுக்கறாங்க. அந்த ஊட்ல நான் என்னுங்க பண்றது?"

யாஸ்மின் அருள்குமாரிடம் ஓர் ஏற்பாடு செய்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, வாக்கருக்குப் பதில் கொடுத்திருந்த தடியோடு, தரையில் ஒட்டிய மஞ்சள் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். குறித்த நேரத்துக்குள் செய்துவிட்டால், சமையலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே இருக்கலாம். செய்யாவிட்டால் பெங்களூர். மகன் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை யாஸ்மின் நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினாள். கந்தப்பன் அழகாக எழுந்தார். கொஞ்ச தூரம் நடந்தார். வழியில் கழுத்துப்பட்டை போட்ட புது நோயாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"கழுத்துக்கு என்னுங்க ஆச்சு?"

அவர் சொன்னார். நீளமாகச் சொன்னார். கந்தப்பன் நின்று கேட்டுவிட்டு நகர்ந்து, வள்ளியாத்தாளிடம் "சாப்புட்டாச்சுங்களா?" என்றார். கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது அந்த அம்மாளின் மருமகளையும் விசாரித்தார். அவர் உட்காருவதற்குள் நான் ஒரு தோசை ஊற்றிச் சட்னியும் அரைத்திருப்பேன்.

"பாத்தீங்களா, எவ்வளவு மெதுவா நடக்கறாரு!" என்றார் அருள்குமார்.

"நடக்கலீங்க, விசாரிக்கறாரு" என்றாள் யாஸ்மின். ஆனாலும் கடிகாரம் கடிகாரம்தான். இன்னும் ஒரே முறை தருவதாகச் சொன்னாள்.

"யாருகிட்டயும் பேசாம நடங்க" என்றேன்.

"கண்ணுக்கு முன்னால ஆளு உக்காந்திருக்கறப்ப எப்படிங்க பேசாம போறது? மொகத்தத் திருப்பிட்டுப் போனான்னு சொல்ல மாட்டாங்களா?"

அவர் திருப்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன். மற்றவர்களைத் திருப்பினேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், கழுத்துப்பட்டைக்காரரும் கால்கட்டுக்காரரும், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். "எழவு ஊட்லகூட நான் இப்படி ஒருத்தருக்கு மூஞ்சியத் திருப்புனதில்லைங்க" என்று புலம்பிக்கொண்டே வள்ளியாத்தாளும் திரும்பிக்கொண்டார்.

யாஸ்மின் கடிகாரத்தை அமுக்கினாள். கந்தப்பன் எழுந்து, வரிசையாக முதுகுகளைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. பேச்சு அறுந்துபோன பங்காளி வீட்டு வாசலைக் கடக்கும் வேகத்தில் விடுவிடுவென்று நடந்தார். அவ்வளவு வேகம் அவரிடம் இருப்பது எனக்கே தெரியாது. கோட்டைத் தொட்டார், திரும்பினார், நாற்காலிக்கு வந்துவிட்டார். ஆனால் உட்காரவில்லை.

"உக்காருங்க!" என்று கத்தினேன்.

"நீங்க நிக்கறீங்களே. மொதல்ல நீங்க உக்காருங்க."

"நேரம் ஓடுதுங்க!"

"ஓடட்டுங்க. வயசான பொம்பள நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது?"

வயதைப் பற்றி அவரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் கிடந்ததன் மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். அது உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் பெரிய காற்றுப் பந்து. பந்து ஒரு பக்கம் போயிற்று, நான் மறுபக்கம் போனேன். தரையாக இருந்தாலும் நான் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கந்தப்பன் உட்கார்ந்தார். யாஸ்மின் கடிகாரத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு, அதை அப்படியே அருள்குமாரிடம் நீட்டினாள். கந்தப்பன் மயிரிழையில் தேறியிருந்தார்.

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கந்தப்பன் நாற்காலியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

"பெருசா அடிபட்டுப்போச்சுங்களா? பத்துக்கு எத்தனைங்க?"

அருள்குமார் வாக்குத் தவறவில்லை. பெட்டியோடு அப்பாவைப் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். குளியலறையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். தரையில் வழுக்காத பாய் போடச் சொன்னேன், மொபெட்டின் சாவியை மகனிடம் கொடுத்தேன். "ஆகட்டுங்க" என்றார் கந்தப்பன். சமையலுக்கு வந்த அம்மாள் காப்பி கொடுத்தார். குடித்து முடித்த பிறகும் மகனுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"கெளம்புங்க கண்ணு, இருட்டறதுக்குள்ள சேலந் தாண்டிப்போடலாம்."

"நான் கெளம்பறேனுங்கப்பா. நீங்க வெளிய வராதீங்க, உக்காருங்க."

அருள்குமார் காரில் ஏறினார். அந்த வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்துத்தான் தெருவுக்கு இறக்க வேண்டும். தெருவில் எந்நேரமும் பட்டறை வண்டிகள் போய்வரும். கார் உறுமியதும் கந்தப்பன் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, நடுத்தெருவுக்கே போய்விட்டார். வார்ப்பு இரும்பு ஏற்றிய மினி லாரி ஒன்று ஒலிப்பானை அழுத்திக்கொண்டு வந்தது.

"அப்பா, தடிய ஊனுங்க!" என்று காருக்குள்ளிருந்து மகன் அலறினார்.

கந்தப்பன் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லாரிக்கு எதிரே ஒரு கையை நீட்டி நிறுத்தி, மறு கையால் மகனுடைய காரை மெல்ல மெல்லப் பின்னால் வரச் சொன்னார்.