கரும்பலகையில் மூன்றாவது வரி

திருவொற்றியூரில் எங்கள் தெருப் படிப்பகத்தைத் தினமும் திறந்து பெருக்குகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூலால் கட்டியிருப்பார். பேப்பர்களை எடுத்து வைத்ததும் வாசல் கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவார்.

போன ஆகஸ்ட் ஆறாம் தேதி மூன்று வரிகள் எழுதியிருந்தார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். மூன்றாவது, ‘இந்தத் தெருமுனையில் என் மகனை வெட்டிக் கொன்றார்கள்.’

வெட்டியவர்களில் ஒருவன் சாட்சி சொல்ல ஆளில்லாமல் விடுதலையாகியிருந்தான். எதிர் டீக்கடையிலிருந்து அவன் எழுந்து வந்தான்.

“இன்னாம்மா, பழசெல்லாம் கெளறிகினு கீற? அழி அத்த.”

“மேல கீற ரெண்டும் அதவிடப் பழசு நைனா. மொதல்ல அத்த அழி.”

அவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். பலகையின் முனையில் நெற்றி மோதி, கண்ணாடியில் ரத்தம் வழிந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. அவன் மூன்றாவது வரியை உள்ளங்கையால் தேய்த்து அழித்தான்.

அந்த அம்மா கீழே விழுந்த சாக்பீஸைத் தேடி எடுத்து அதே வரியைத் திரும்ப எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, சரியா எழுதிகீறனா? நீயே சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான்.

“சரிதாம்மா. நான் பாத்தேன்” என்றேன்.

அவன் பலகையை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

கொலை நடந்த அன்று நான் அந்த முனையில் நின்றதைப் போலீஸிடம் மறைத்தேன். என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.