கண்மட்டக் கோடு

எனக்குப் படம் வரையத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு பதினைந்து வருஷமாகப் பிள்ளைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டுச் சாப்பிடுகிறவள் நான். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு படம் முழி பிதுங்க வைத்தது.

நெல்லைப் பற்றிய புத்தகம் அது. விதையில் ஆரம்பித்துச் சோறாகிறவரை. நடுவில் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல நடவுப் படம். மற்ற எல்லாப் படங்களையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட பதிப்பகத்து எடிட்டரம்மா, இதை மட்டும் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். "அழகா இருக்கு மேடம். ஆனா எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவது தடவையும் சரியாக வரவில்லை என்றால் அந்தப் படத்தை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு போனைச் சுவரில் அடித்திருப்பேன். புது போன், அதனால் தப்பித்தது.

நடவை வேறு ஆள் வரைவதா? எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். அம்மா, அத்தைமார், அக்கா எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அந்தப் படத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சப் பக்கங்களில் என் பேர் இருந்து என்ன பிரயோசனம்?

ஆனால் எடிட்டரம்மா சொன்னது உண்மை. அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால், பத்திரிகைகளுக்கு வரைந்த பழைய ஓவியர் ஒருவரின் வரைவுத் தாள்களை மதுரையிலேயே ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. நான் நான்கு நாளும் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வேன். எந்திரிக்கச் சொல்லிச் சொல்லி வாட்ச்மேன் அண்ணனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அச்சில் உள்ளங்கை அகலம் வந்த படத்தை அவர் அதைப்போல இரண்டு பங்கு பெரிதாக வரைந்திருந்தார். சுருக்கி அச்சடித்ததால்தான் கோடுகள் அத்தனை இறுக்கமாக இருந்திருக்கின்றன. நானோ அதுவரைக்கும் அச்சில் வந்த அளவிலேயே, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மயிரிழைப் பிரஷ்ஷால் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். மடச்சி! அடுத்து, அவர் எதையும் மனசிலிருந்து மட்டும் போட்டதில்லை. வீட்டுக்காரம்மா, மச்சினி, பால்காரர் என்று கையில் கிடைத்தவரை எல்லாம் நிற்க வைத்திருக்கிறார். யார் நின்றது என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால், தாளின் குறுக்கே பென்சிலால் லேசாக ஒரு கோடு. கண்மட்டக் கோடு. பார்க்கிறவனுடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் கோடு அது. மரம், மாடு, மனுஷன் எல்லாம் அதை வைத்துத்தான் உட்காரும். எந்த வரைவிலும் அவர் அந்தக் கோட்டை அழிக்கவே இல்லை.

அவருடைய நடவுப் படத்தை மட்டும் ஏழு தடவை பார்த்து வரைந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன். எடிட்டரம்மா எங்கேயோ பார்த்தது அதைத்தான்.

சரி, அவர் மாதிரியே ஆளை நிற்க வைத்து வரைந்துவிடுவோம் என்று அக்காவுக்கு போன் போட்டேன். அக்கா இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். அவள் ஒரு சத்தம் போட்டால் இருபது பொம்பளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். "ஞாயித்துக்கிழம வாரேன். ஆனா கறிக்கொழம்பு நீதான் வைக்கணும்" என்றாள்.

வந்தவள் மொட்டை மாடிக்கு ஏறியதும் பையிலிருந்து மச்சானுடைய பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைமேல் மாட்டினாள்.

"இது எதுக்குக்கா?"

"சட்டை போடாம எவடி நடவுக்கு எறங்குவா? வெயிலு முதுகப் பொரிச்சிரும்."

அந்த ஓவியர் படத்துப் பெண்கள் யாரும் சேலைமேல் சட்டை போட்டிருக்கவில்லை. அதனால் என் படத்துப் பெண்களும் போட்டிருக்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நாற்றுக்குப் பதிலாக வெங்காயத்தாள் கட்டு ஒன்றை இடது கையில் பிடித்தாள். கட்டைவிரல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுக்க, வலது கை சிமெண்டுத் தரையில் ஊன்றிக்கொண்டே போக, கால்கள் பின்னால் பின்னால் நகர்ந்தன. அடேயப்பா! விட்டு இருபது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. நான் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்று, முதல் வேலையாகக் கண்மட்டக் கோட்டைப் போட்டுவிட்டு, அவளுடைய முதுகை ஒரே இழுப்பில் இழுத்தேன். அபாரமாக வந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அக்கா நிமிர்ந்துவிட்டாள்.

"எங்கடி நிக்கிற?"

"டேங்க் படியில. அசையாத, வெளிச்சம் போயிரும்."

"எறங்கு கீழ."

"யக்கா, இங்கருந்து பாத்தாத்தான் மொத்தமும் தெரியும்."

"வரப்புல நிக்கிறவனுக்கும் அப்பிடித்தான் தெரியும். அவன் கண்டது எங்க முதுக மட்டும்தான். எவ நிமிர்றா, எவ பேசுறான்னு பாத்துக்கிட்டே நிப்பான். இப்ப ஒனக்கும் நான் முதுகக் காட்டணுமா?"

வெங்காயத்தாளைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒரு படத்துக்கு இம்புட்டுப் பேச்சா? படம் ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கத்தினேன்.

"படம் ஒனக்குத்தான் தெரியும். நடவு தெரியுமா? ஒருநாளாவது எறங்கியிருக்கியா?"

நான் இறங்கியதில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வரப்பில் நிற்பேன். ஆசைப்பட்டு ஒரு காலைச் சேற்றில் வைத்தால் போதும், அக்கா அங்கிருந்தே கத்துவாள்: "எறங்குன, கால ஒடிச்சிருவேன்!" எட்டாவதோடு நின்றவள் அவள். என்னைப் படிக்க வைத்தவளும் அவள்தான்.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். கண்மட்டக் கோடு உச்சியில் கிடந்தது. அந்த ஓவியருடைய வரைவிலும் அதே உயரம்தான். அவர் பொய் சொல்லவில்லை. வரப்பில் நின்று பார்த்தார், நின்ற இடத்தை அழிக்காமலும் விட்டார். ஏழு தடவை வரைந்தும் அது என் கண்ணில் படவில்லையே! தொழிலைக் கற்றுக்கொள்வதாக நினைத்துக்கொண்டு அவர் நின்ற இடத்தையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறேன். நானும் சின்ன வயசில் அங்கேயே நின்றதால் வித்தியாசம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"சட்டையக் கழட்டாதக்கா. எறங்கிட்டேன்" என்றேன்.

தரையில் உட்கார்ந்து பார்த்தேன். போதவில்லை. கடைசியில் அட்டையும் பென்சிலுமாகச் சிமெண்டில் குப்புறப் படுத்துவிட்டேன். வயிறு சுட்டது.

"ஆத்தாடி, பல்லி மாதிரி கெடக்கா பாரு" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

இப்போது முகம் தெரிந்தது. ரத்தம் இறங்கிச் சிவந்த முகம், மூக்கு நுனியில் வியர்வை, ஓயாமல் பேசும் வாய். வரப்புக்காரன் நடையை யார் யார் எப்படி நக்கலடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே நட்டாள். நான் புதுத் தாளில், அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் கோட்டைப் போட்டேன். மதியத்துக்குள் பதினோரு வரைவு. அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

படத்தை முடிக்கப் பதினைந்து நாள் ஆனது. அந்த ஓவியர் சொல்லித்தராமல் சொல்லித்தந்தபடி, இரண்டு பங்கு பெரிதாகத்தான் வரைந்தேன். எடிட்டரம்மா ஒரு திருத்தமும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஆனால் அனுப்புவதற்கு முந்தின நாளே அக்கா வந்து பார்த்துவிட்டாள்.

என் படங்களை அவள் ஒரு நிமிஷத்துக்குமேல் பார்த்ததில்லை. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போய்விடுவாள். அன்றைக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சட்டை போட்ட பெண்கள், குனிந்த முகங்கள், வாய்கொள்ளாத சிரிப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போன விரல், தூரத்து வரப்பில் தூக்குவாளியோடு நிற்கும் சின்ன உருவத்தின்மேல் நின்றது.

"இது யாரு?"

"நான்தான்."

அவள் விரலை எடுக்கவில்லை. "வரிசையில எடம் இருக்குக்கா. இப்பவும் எறக்கி விட்டுறலாம்" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"எறங்குன, கால ஒடிச்சிருவேன்" என்றாள்.