பனிக்குள் போன மச்சான்

போன வாரம் ஊட்டிக்குப் போய்விட்டுத் திண்டிவனம் திரும்பினேன். ஊட்டி எப்படி என்று கேட்கிறீர்களா? வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான் தெரியும்!

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி சரோஜாவுக்கு மலை பார்க்க ஆசை. ஒருவழியாகப் புறப்பட்டோம் — கூடவே அவள் அண்ணன் ஏழுமலையும். கண்டாச்சிபுரத்தில் நிலக்கடலை விவசாயம்; அவர் பாஷையில் மல்லாட்டை. தங்கச்சி மலையில் வழிதவறிவிடக் கூடாதாம்... காவலுக்கு வந்தார்.

மலை ரயிலில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து "ஆகா" என்றார்கள். மச்சான் தேயிலைச் சரிவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இத்தினி எடத்துல மல்லாட்டை போட்டா எத்தினி மூட்டை தேறும் மாப்ள!"

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றைக் காட்டினேன். "கட்டி என்னா? நெல்லு காயவைக்க ஒரு களம் இல்லியே!"

ரசனை என்றால் இதுவல்லவா ரசனை?

மறுநாள் காலை பள்ளத்தாக்கு பார்க்கப் போனோம். பனி என்றால் பனி... நீட்டிய கை தெரியவில்லை. எப்படியும் விலகும் என்று சரோஜா சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்து நின்றாள். திரும்பிப் பார்த்தால் — மச்சானைக் காணோம்!

ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். கேலியெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "ஏழுமலை! ஏழுமலை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பனிக்குள்ளிருந்து யாரோ ஒரு டூரிஸ்ட் பதில் சொன்னார்: "ஏழு மலையா? எனக்கு ஒரு மலையே தெரியல சார்!"

சரோஜா அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணன் எங்கியாவது வுழுந்துட்டிருந்தா... இனிமே மலைன்னு வாயே தொறக்க மாட்டேங்க."

சாலை வளைவைத் தாண்டி ஒரு டீக்கடை. உள்ளே அடுப்போரம் மச்சான்! முன்னால் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. கடைக்காரர் எங்கள் ஊர்ப்பக்கம், வானூர்க்காரராம். தமக்குச் சமைத்ததில் பங்கு கொடுத்திருக்கிறார்.

"எங்க போன அண்ணா? எனக்கு உசுரே போயிடுச்சி!"

"ரெண்டடி நவுந்தேன் சரோஜா. எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் பள்ளம்னு புரியல. பேஜாரா பூடுச்சி. அப்ப இவரு யாரையோ 'ஜல்தி வா'ன்னு திட்டிக்கினு இருந்தாரு. நம்மூரு பேச்சாச்சேன்னு அந்தக் கொரலையே புடிச்சிக்கினு வந்துட்டேன். உங்களத் தேடிக் கெளம்பலாம்னா... காலு வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்கும் களி வந்தது. ஊட்டியில் நான் சாப்பிட்ட ஒரே நல்ல சாப்பாடு அதுதான். பாதி சாப்பிடும்போது வெளியே ஒரே கூச்சல் — பனி விலகிவிட்டதாம்! கையை உதறிக்கொண்டு ஓடினோம். அதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.

இப்போது மச்சான் கண்டாச்சிபுரம் சந்தையில் பள்ளத்தாக்கின் அழகை மணிக்கணக்காக வர்ணிக்கிறாராம். பயணக் கட்டுரைகளெல்லாம் எப்படி எழுதப்படுகின்றன என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

"இனிமே மலை வேண்டாம், இல்லையா?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"ஏன் வேணாம்? அடுத்த வருசமும் போலாங்க. அண்ணனும் வரட்டும். நீங்க அவரு கையப் புடிச்சிக்கங்க — நான் மலையப் பாத்துக்கறேன்!"