ரெண்டாவது கதிரை

கணக்கர் கந்தோரிலை பகுதிநேர வேலை எண்டா, ஆக்களின்ரை பில்லோடை அவையின்ரை நியாயத்தையும் சேர்த்து வாங்கி அடுக்கிறது. பாரிஸ் பக்கம் சென் தெனியிலை சட்டம் படிச்சுக்கொண்டு, லா சப்பல் தமிழ்க்கடையளுக்கை இப்பிடி மாரடிக்கிற சனமே, உங்களுக்கு விளங்கும்.

முதல் பில்

ரவி அண்ணைக்கு அங்கை ரூ பெர்தொனே எண்ட தெருவிலை சாப்பாட்டுக்கடை. அவரின்ரை கொத்துரொட்டிக்காரர் குணம் அண்ணை, இடுப்பு நாரியிலை ஒப்பரேசன் முடிஞ்சு வேலைக்குத் திரும்பிற நேரம். இருந்து செய்யிறதெண்டா மட்டும்தான் வேலை எண்டு, ஆக்கள் வேலைக்குத் தகுதியோ எண்டு பாக்கிற வேலையிட டொக்டர் சொல்லிப்போட்டா. ரவி அண்ணை உயரக் கதிரை ஒண்டு வாங்கி, பில்லோடை வந்தார்.

முதலாளிமார் எண்டாலே எனக்குக் கடி. "வருத்தத்தாலை திரும்பி வாற ஆளுக்கு வசதி செய்து குடுத்தா வரிச் சலுகை இருக்கு, அதுக்குத்தானே வந்தனீங்கள்?" எண்டு குத்தலாக் கேட்டன். மனுசன் திகைச்சுப்போனார்: "சலுகை இல்லாட்டி அவனை நிக்கவோ விடுறது, பிள்ளை?"

கதிரையிலை துவாய்

பிறகொருநாள் கொத்துச் சாப்பிடப் போனன். புதுக்கதிரையிலை துவாய் இருக்குது, குணம் அண்ணை நிக்கிறார். முகமெல்லாம் வேர்வை. எனக்கு விசர் வந்திட்டுது. "நாரி திரும்பப் பழுதானா டொக்டர் உங்களை வேலைக்கு விடமாட்டா, தெரியுமோ?" எண்டு கடைக்குள்ளையே கத்தினன்.

கல்லாவடியிலை நிண்ட ரவி அண்ணையைக் கண்ணாலை காட்டிக் குணம் அண்ணை குசுகுசுத்தார்: "முதலாளி நிக்கேக்கை நான் குந்தியிருக்கிறதே, தங்கச்சி? சனம் என்ன கதைக்கும்?"

ரெண்டாவது பில்

அடுத்த கிழமை ரவி அண்ணை இன்னொரு பில்லோடை வந்தார். அதே மாதிரிக் கதிரை.

"இப்ப ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்குமில்லை. இது எனக்கு."

கடை துறந்த நாளிலையிருந்து கல்லாவடியிலை நிண்ட மனுசன் இப்ப இருக்கிறார். அவர் இருந்த பிறகு குணம் அண்ணையும் இருந்திட்டார். "என்ன, கடையோ கலியாண மேடையோ?" எண்டு வாற சனம் நக்கலடிக்குது. ரெண்டுபேரும் அசையேல்லை. டொக்டரும் திரும்பப் பாத்திட்டு, தொடர்ந்து செய்யலாம் எண்டிட்டா.

அண்டைக்குப் பில்லோடை வந்தவரை நான் விடுவனே? சலுகை வருத்தக்காரரின்ரை கதிரைக்குத்தான், சுகதேகி முதலாளியின்ரை கதிரைக்கு இல்லை எண்டு சட்டத்தை அவிழ்த்துவிட்டன். ரவி அண்ணை பொறுமையாக் கேட்டுப்போட்டு பில்லை என்ரை கையிலை வைச்சார்: "அவன்ரை கதிரை சும்மாதானே கிடந்தது. நான் இருந்தாப் பிறகுதான் அவன் இருந்தவன். அப்ப எது பிள்ளை மருந்து?"

ரெண்டாவது பில்லுக்குச் சலுகை இல்லையெண்டு அவருக்குச் சொன்னதும் நான்தான், ஏன் இல்லையெண்டு கேட்டு இண்டைக்கும் வகுப்பிலை வாத்திமாரோடை சண்டை பிடிக்கிறதும் நான்தான்.