பாவ்லொவ்ஸ்க் அரண்மனையும் கோண்டாவில் வீடும்

எங்கள் மாமாவிடம் ஓர் அரண்மனை இருந்தது. ஆக்லாந்தில் பாபடோயிட்டோ என்ற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜ்தான் அவருடைய அறை; அங்கே ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த சுவரில் அதை ஒட்டி வைத்திருந்தார். அவர் அம்மாவின் தம்பி, லெனின்கிராட்டில் கட்டடக்கலை படித்தவர். ஆக்லாந்து விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவினார். படித்த படிப்பில் அவருக்கு மிஞ்சியது அந்தப் படம்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, மழை விடும்வரை நான் கராஜில் இருந்து அரண்மனைக் கதை கேட்பேன். ஒரு பேரரசி தனக்குப் பேரன் பிறந்த சந்தோஷத்தில் மகனுக்கு லெனின்கிராட்டுக்குப் பக்கத்தில் காட்டு நிலம் கொடுத்தாளாம். ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவன் வந்து மஞ்சள் நிறத்தில் இந்தப் பாவ்லொவ்ஸ்க் அரண்மனையைக் கட்டினான். நடுவில் தாழ்ந்த குவிமாடம், அதைச் சுற்றித் தூண்கள், இரண்டு பக்கமும் முற்றத்தை அணைத்தபடி வளைந்த கட்டடங்கள். பின்னால் நெளிந்து போகும் ஒரு சிற்றாறு, அதன் கரை முழுக்கப் பூங்கா. மாமா விரலால் காட்டிக் காட்டிச் சொல்லுவார். பேரரசியின் மகனுக்குக்கூடத் தன் வீட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்காது.

எனக்குப் பிடித்தது யுத்தக் கதைதான். ஜெர்மன்காரர் வருகிறார்கள் என்றதும் அரண்மனையைப் பார்த்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு கதிரைத் தொகுதியிலும் ஒன்றை மாதிரிக்கு எடுத்துத் தூரத்துக்கு அனுப்பினார்கள். பெரிய சிலைகளைப் பூங்காவிலேயே புதைத்தார்கள். தேடுகிறவன் மேலாகத்தான் கிண்டுவான், ஆழத்துக்குப் போகமாட்டான் என்று கணக்குப் போட்டு ஆழமாகப் புதைத்தார்கள். அரண்மனை எரிந்து கூரை விழுந்தது. சிலைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு அந்த மாதிரிகளையும் பழைய வரைபடங்களையும் வைத்து அரண்மனையைத் திரும்பக் கட்டினார்கள். மாணவனாக இருந்தபோது மாமா அங்கே போய்த் தூண்களை அளந்திருக்கிறார்.

மாமி அப்போது யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் வீட்டில் இருந்தார். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் மாமா புறப்பட்டு வந்துவிட்டார். மாமிக்கு விசா கிடைத்ததும் என் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கு அதில் கடுப்புத்தான்.

யாழ்ப்பாணத்துக்கு அந்த நாளில் டெலிபோன் இல்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் கசெட்டில் பேசிக் கொடுத்துவிடுவோம். சண்டை நெருங்குகிறது என்று கேள்விப்பட்டு மாமாவும் ஒரு கசெட் பேசினார். குசினி மேசையில் கசெட் ரேடியோவை வைத்து, வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்ர வரைபடங்களைப் பொலித்தீனால சுத்து. நான் லெனின்கிராட்டில சுவர்ச்சாந்தால செய்து கொண்டந்த பூ, சீதனமா வந்த குத்துவிளக்கு எல்லாத்தையும் மாமரத்துக்குக் கீழ கிடங்கு வெட்டித் தாழு. ஆழமா வெட்டு. மேலால தாட்டா எடுத்துப் போடுவாங்கள்."

எங்கள் கோண்டாவில் வீட்டையும் அரண்மனைபோலக் காப்பாற்றப் போகிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம், ஒரே புளுகம். பள்ளிக்கூடத்தில் படம் கீறச் சொன்னபோது அரண்மனையைக் கீறி, அதற்குக் கீழே மண்ணுக்குள் மாமியின் குத்துவிளக்கையும் கீறினேன். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஐப்பசியில் ஆமி கிட்ட வர, யாழ்ப்பாணமே ஒன்றாக வெளியேறியது. பல கிழமைகள் ஒரு செய்தியும் வரவில்லை. மாமா வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், சாப்பிட்டாரா என்று தெரியாது. பிறகு மாமியின் பக்கத்து வீட்டுக்காரர் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து டெலிபோன் எடுத்தார். அம்மாதான் கதைத்தார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாழ்ப்பாணத்தை விட்டுப் போகிற பாலத்தைத் தாண்டச் சனம் புறப்பட்டபோது மாமியையும் கூப்பிட்டார்களாம். மாமி மாமரத்தடியில் குழி வெட்டுகிற அலவாங்குக் கம்பியோடு நின்றாராம். "அவர் ஆழமா வெட்டச் சொன்னவர், இன்னும் ஒரு முழம் கிடக்கு. நீங்கள் போங்கோ, நான் விடிய வாறன்" என்றாராம். அதற்குப் பிறகு மாமியைக் கண்டவர் இல்லை.

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு மாமாவின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார்.

"எங்கட நிலம் ஒரு முழம் போனா கல்லடா! கட்டடம் படிச்ச உனக்கு அது தெரியாதே?"

அம்மா கல்லைப் பற்றி ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அரண்மனைப் பூங்காவில் வெறும் மண், எவ்வளவு ஆழமும் போகலாம். கோண்டாவிலில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. அலவாங்கால் கொத்திக் கொத்தித்தான் இறங்க வேண்டும். ஊரைக் காணாத எனக்கு அப்போது அது தெரிய வழியில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வழக்கம்போலக் கராஜுக்குப் போனேன். மாமா படத்தைக் கழற்றியிருந்தார். அது இருந்த இடம் மட்டும் பூஞ்சணம் இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது. மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மாமா, மாமி நல்ல ஆழமா வெட்டியிருப்பா என்ன?"

மாமா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "ஓம் பிள்ளை, ஆழமாத்தான் வெட்டியிருப்பா" என்றார்.

அப்படியென்றால் பயமில்லை, ஒன்றும் தொலையாது என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.