துளை இல்லாத எலக்ட்ரான்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அன்று அந்தப் பள்ளிக்கூட வாசலில் என் இரண்டு காதும் கொதித்தன.

குழந்தை பிறந்து சில வருடம் வீட்டிலேயே கிடந்த எனக்கு, மறுபடி இயற்பியல் டீச்சராகக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. தாளாளர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றுகிற பாடம். வளையக் கம்பியில் கோத்து ஓடவிடலாம் என்று, என் வீட்டுக்காரர் வேலை செய்யும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் துளை போட்ட மணிகள் செய்யச் சொல்லியிருந்தேன்.

காலையில் சூளை பிரித்த கையோடு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார். மணிகள் பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் துளை இல்லை.

"என்னாங்க இது? ஓட்டை எங்க?"

அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்யய்யோ! அக்காகிட்ட சொல்லாம வுட்டுட்டேன். கிளேஸ் வச்சி அடச்சிருக்கும்."

அவருடைய அக்கா, அதாவது என் அண்ணிதான், அங்கே பொம்மைகளுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சைப் பூசுபவர். பொம்மையில் ஊசித் துளை இருந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். கண்ணில் படுகிற துளையையெல்லாம் அடைத்துத்தான் சூளைக்கு அனுப்புவார்.

"என் பொழப்ப இல்ல அடச்சிருக்காங்க!" என்று கத்தினேன். அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது.

வகுப்பில் மணிகளைக் கம்பியில் கோக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு மணியைக் கிண்ணத்தின் உள்விளிம்பில் சுழற்றிவிட்டேன். பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மணி சுற்றியது, வேகம் குறைந்தது, வட்டம் சுருங்கி டக்கென்று நடுவில் விழுந்தது.

"அப்ப எலக்ட்ரானும் கருவுல வுழுந்துடுமா?" என்றார் தாளாளர், பின்பெஞ்சிலிருந்து.

நான் மறைக்க நினைத்த இடத்தையே பிடித்துவிட்டார்.

"பழைய கணக்குப்படி, சுத்தச் சுத்த சக்தி கொறஞ்சி வுழுந்தே ஆவணும் சார். அதனாலதான், எலக்ட்ரானுக்குன்னு சில பாதைங்கதான் உண்டு, அதுல சுத்துற வரைக்கும் சக்தி கொறையாதுன்னு அடுத்து ஒரு விஞ்ஞானி சொன்னாரு."

"ஏன் கொறையாது?"

"அதுக்கு அவராலயே காரணம் சொல்ல முடியல சார். அப்படி வச்சிக்கிட்டாத்தான் ஹைட்ரஜன் வெளிச்சத்தோட நிறமெல்லாம் கணக்குல சரியா வந்துது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எழுந்து வந்தார். மணியை எடுத்துத் தானே ஒருமுறை சுழற்றினார், அது விழும்வரை குனிந்து பார்த்தார்.

"திங்கக்கெழமை வந்து சேந்துக்குங்க."

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, ஒன் உருண்டையெல்லாம் ஓட்டையா இருந்துது. கண்ணு வலிக்க வலிக்க ஒண்ணு வுடாம அடச்சேன். நல்லா இருந்துதா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். முறைத்தேன், வாயை மூடிக்கொண்டார்.

"அதனாலதான் அண்ணி எனக்கு வேலையே கெடச்சிது."