ஏணியை எடுத்தவர்

என்னைப் பழிவாங்கத்தான் அவர் ஏணியை எடுத்தார் என்று முதலில் நம்பினேன். தென்காசியில் இரும்புச் சட்டம் பூட்டித் தகரக் கூரை போடும் பயிற்சியில் அவர்தான் எங்கள் ஆசிரியர். ஒல்லி உடம்பு, சாயமடித்த மீசை. ஏணியில் ஏறுமுன் ஒவ்வொரு முறையும் ஷூவின் அடியைத் துண்டால் துடைப்பார். அந்த மீசையை அன்று காலையில்தான் நான் கிண்டல் செய்திருந்தேன்.

கூரைமேல் தனியாகத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது குற்றாலச் சாரல் அடித்தது. தகரம் சோப்புப் போட்டதுபோல் வழுக்கியது. இறங்கலாம் என்று திரும்பினால், கீழே அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அருமையான மீசை! ஏணிய வைங்க!" என்று அலறினேன்.

"ஏணியக் கண்டா ஓடி வருவீரு. ஈரத் தகரத்துல ஓடுதவன்தான் விழுவான். இடுப்பு பெல்ட்டு கொக்கிய சட்டத்துல மாட்டியிருக்குல்லா? அங்கனயே உக்காரும்வே."

"எனக்குப் பொண்டாட்டி இருக்கா!"

"அவளுக்காகத்தான் சொல்லுதேன்."

உட்கார்ந்தேன். தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை நேர்ந்தேன், தலையில் முடியில்லாதவன் என்பதையும் மறந்து.

பத்தடியில் கொட்டகை இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. சாரல் விட்டுத் தகரம் காயும்வரை, ஏணியைத் தோளில் சாய்த்து, என்னையே பார்த்தபடி முக்கால் மணி நேரம் நனைந்து நின்றார்.